அந்தரமும் யோசனையும்: எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் டொக்டர் இல்ல. காரைதீவுல பொறந்து வளந்த ஆள். பத்து வருஷத்துக்கு மேல இந்த அந்தரத்தோட, மனப்பதட்டம் எண்டு சொல்ற வருத்தத்தோட மல்லுக்கட்டி, கிளினிக் போய், குளிசை எடுத்து, விட்டு, மறுகா எடுத்து, இப்ப ஓரளவு நிமிந்து நிக்கிறன். அது தெரிஞ்சதால சொந்தக்காரங்க, கூட வேலை செய்யிறவங்க, அவங்கட மச்சான்மார் எண்டு ஆராவது கேட்டுக்கிட்டே இரிக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டு எனக்கு தொண்ட வத்திப்போச்சு, அதான் கேட்ட கேள்வியெல்லாத்தையும் ஒரேயடியா எழுதிட்டன்.

எனக்கு இரிக்கிறது சும்மா யோசனையா, இல்ல வருத்தமா? எப்பிடித் தெரியிற?

எங்கட பேச்சுல யோசிக்கிறது எண்டா ரெண்டும்தான். கணக்குப் போடுறதும் யோசனை, மனசு கிடந்து தவிக்கிறதும் யோசனை. அதாலயே கனபேருக்கு எது எது எண்டு பிரிச்சுப் பாக்கத் தெரியா. புள்ளைக்கு ஓஎல் சோதனை வருது, யோசனையா இரிக்கு எண்டா அது எல்லாருக்கும் வாறது, சோதனை முடிய அதுவும் போயிரும். சோதனை முடிஞ்சு, ரிசல்ட்டும் நல்லா வந்து, அதுக்குப் பொறகும் அதே அந்தரம் வேற ஒரு காரணத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குதா? அங்கதான் கவனிக்கணும். டொக்டர்மார் பொதுவா பாக்கிற அளவு 6 மாசம். அவ்வளவு காலமா அனேகமான நாள்ல யோசனை, நிப்பாட்ட நினைச்சாலும் ஏலா, அதோட நித்திர குழம்புது, சும்மா சும்மா களைக்குது, கழுத்து தோள் எல்லாம் இறுகிக் கிடக்கு, சின்ன விசயத்துக்கும் எரிஞ்சு விழுறது, ஒரு வேலையில மனசு நிக்கிறல்ல. இதுல மூணு நாலு சேந்து இரிந்தா காட்டத்தான் வேணும். ஜீஏடி-7 எண்டு அந்தரத்த அளக்கிற ஏழு கேள்வி இரிக்கு, போன ரெண்டு கிழமையப் பத்திக் கேக்கும், மொத்தம் 21 புள்ளி, 10 அல்லது அதுக்கு மேல வந்தா ஒராளப் போய்ப் பாருங்க. அது ஒரு சல்லடை மாதிரித்தான், அத வெச்சு நீங்களே வருத்தத்துக்குப் பேர் வெச்சிராதீங்க.

நெஞ்சு படபடக்குது, கை விறைக்குது, வயித்தப் பிரட்டுது. எல்லாம் உடம்புலதானே வருது, ஏன் மனசு எண்டு சொல்றாங்க?

2012 ஏப்ரல் 11 ஞாபகம் இரிக்கா? சித்திரை வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் இரிந்தது, சுமாத்திரா பக்கம் நிலநடுக்கம், பின்னேரம் சுனாமி எச்சரிக்கை எண்டு சொல்லி கரையில இரிந்த எல்லாரும் ஓடினம். நாங்க அம்மாவையும் மோட்டசைக்கிள்ல ஏத்திக்கிட்டு சம்மாந்துறைப் பக்கம் போனம், றோட்டெல்லாம் சனம். கடல் வரல்ல. ஆனா ஓடினது பிழையா? இல்லவே இல்ல. எச்சரிக்கை கேட்டா ஓடத்தான் வேணும், 2004ல அந்த எச்சரிக்கை இல்லாமத்தானே எங்கட அம்பாறை மாவட்டத்துல மட்டும் 10,000க்கு மேல சனம் போச்சு.

உடம்புக்குள்ளயும் அப்பிடி ஒரு சைரன் இரிக்கு. மூளையில அமிக்டலா எண்டு சின்ன இடம், ஆபத்து எண்டு அதுக்குப் பட்டா அட்ரினலின் பாயும், இதயம் வேகமா அடிக்கும், ஓடுறதுக்கு ரத்தம் தசைக்குப் போகும், சமிபாடு மெதுவாகும், அதான் வயித்தப் பிரட்டுறது. மூச்சு வேகமா எடுத்து எடுத்து காபனீரொக்சைட் கூடுதலா வெளிய போயிரும், அதால விரல் விறைக்கும், தலை சுத்தும். ஒண்டும் பொய் இல்ல, நடிப்பு இல்ல. சைரன் உண்மையா அடிக்குது, கடல்தான் வரல்ல. கனகால அந்தரம் எண்டு சொல்றது அந்த சைரன் ரிப்பேர் ஆகி கிழமைக்கு நாலு தரம் அடிக்கிறதுதான்.

அப்ப டொக்டர்ட்ட போகத் தேவையில்லையா, நானே அந்தரம் எண்டு நினைச்சு இரிக்கலாமா?

ஒண்ணா, அப்பிடி இரிக்கக்கூடாது. முதல்ல ஒருக்கா உடம்பச் செக் பண்ணுங்க. தைரொய்ட் கூடினாலும் இதே மாதிரித்தான் படபடக்கும், வேர்க்கும், மெலியும். ரத்தம் குறைஞ்சாலும் நெஞ்சு அடிக்கும், களைக்கும், எங்கட பொம்புளைகள்ல கனபேருக்கு அது இரிக்கு. சுகருக்கு மருந்து எடுக்கிறவங்களுக்கு சீனி இறங்கினாலும் கை நடுங்கும். நெஞ்சுவலி முதல்தரம் வந்தா, அதுவும் இடது கை, தாடைப் பக்கம் இழுத்தா, அந்தரம்தான் எண்டு வீட்டுல படுத்துக் கிடக்காம 1990க்கு அடிச்சு ஆம்புலன்ஸ்ஸக் கூப்பிடுங்க, காசில்ல.

எனக்கு ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, "ஒண்டுமில்ல, போங்க" எண்டு அனுப்பினாங்க. ஒண்டுமில்ல எண்டா ஏன் எனக்கு இப்பிடி எண்டு இன்னும் பயந்தன். அந்த ஒரு சொல்லுக்குப் பொறகு ரெண்டு நிமிஷம் இரிந்து விளங்கப்படுத்தி இரிந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிஞ்சி இரிக்கும்.

அந்தரம் உச்சத்துக்கு ஏறுற நேரம், அந்த நிமிஷம் என்ன செய்யிற?

எனக்கு முதல்தரம் பெருசா வந்தது கல்முனை மட்டக்களப்பு பஸ்ஸுல. குருக்கள்மடம் தாண்டக்குள்ள திடீரெண்டு மூச்சு முட்டுது, கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது, சாகப்போறன் எண்டே நினைச்சன். பெல்ல அடிச்சு இறங்கிட்டன். இறங்கின உடன குறைஞ்சிச்சு. அதுதான் நான் விட்ட பெரிய பிழை எண்டு கனகாலம் பிந்தித்தான் விளங்கினது, ஏனெண்டா மூளை என்ன படிச்சிச்சு? பஸ் ஆபத்து, இறங்கினா தப்பலாம் எண்டு படிச்சிச்சு. பொறகு மூணு வருஷம் பஸ் ஏறல்ல, மட்டக்களப்புக்கு கல்யாணம், செத்தவீடு ஒண்டுக்கும் போகல்ல.

இப்ப தெரிஞ்சது என்னெண்டா, அந்த உச்சம் பொதுவா 10 நிமிஷத்துக்குள்ள ஏறி முடிஞ்சிரும், பொறகு தன்பாட்டுல இறங்கும். நீங்க அத இறக்கத் தேவையில்ல, இறங்கும்வரை ஓடாம இரிந்தாப் போதும். ரெண்டு பாதத்தையும் தரையில அழுத்தி வைங்க. மூக்கால நாலு எண்ணுற வரைக்கும் இழுங்க, வாயால ஆறு எண்ணுற வரைக்கும் விடுங்க, சுடுகஞ்சிய ஊதுற மாதிரி மெதுவா. விடுற மூச்சு நீளமா இரிக்கணும், அதுதான் இதயத்த மெதுவாக்கிற நரம்பத் தட்டும். "ஆழமா மூச்சு எடு, ஆழமா எடு" எண்டு பக்கத்துல நிக்கிறவங்க கத்துறது உதவாது, ஏற்கனவே கூட எடுத்துத்தான் தலை சுத்துது. பேப்பர் பேக்குக்குள்ள மூச்சு விடச் சொல்றதும் வேணாம். பொறகு கண்ணுல படுறத ஒண்டொண்டா மனசுக்குள்ள சொல்லுங்க, சீட்டு கிழிஞ்சிரிக்கு, கண்டக்டர்ர சேட்டு நீலம், அந்தா தென்னை.

மூச்சுப் பயிற்சி செஞ்சு பாத்தன் அண்ணா, எனக்கு வேலை செய்யல்ல.

எத்தின நாள் செஞ்ச தம்பி? அந்தரம் வாற நேரம் மட்டும் செஞ்சா சரிவராது, வெள்ளம் வந்த பொறகு நீந்தப் பழகுற கதைதான். காலையில அஞ்சு நிமிஷம், படுக்கப் போகக்குள்ள அஞ்சு நிமிஷம், ஒண்டும் இல்லாத நாள்லயும் செய், ஒரு மாசம் பாரு. மூச்சக் கவனிச்சாலே பயம் கூடுற ஆக்களும் இரிக்காங்க, எங்கட மாமி அப்பிடி. அவக்கு நான் சொல்லிக் குடுத்தது தசைய இறுக்கி விடுறது: பாயில படுத்துக்கிட்டு முதல்ல ரெண்டு பாதத்தையும் அஞ்சு செக்கன் இறுக்கி, பொறகு அப்பிடியே விட்டு இருபது செக்கன் சும்மா கிடக்கிற, மறுகா கெண்டைக்கால், தொடை, வயிறு, கை விரல், தோள், முகம் எண்டு மேல வாற. எட்மண்ட் ஜேக்கப்சன் எண்ட அமெரிக்க டொக்டர் கிட்டத்தட்ட 100 வருஷத்துக்கு முன்ன கண்டுபிடிச்சது. மாமி தோளுக்கு வாறதுக்குள்ள குறட்டை விடுறா.

எல்லாரும் 'யோசிக்காத, யோசிக்காத' எண்டு சொல்றாங்க. எப்பிடி யோசிக்காம இரிக்கிற?

ஏலா. அது சும்மா சொல்றது. சிவப்புக் குரங்க நினைக்காதீங்க எண்டா உடன அதுதான் வந்து நிக்கும். யோசிக்கிறத நிப்பாட்ட வேணாம், அதுக்கு நேரம் ஒதுக்குங்க. நான் பின்னேரம் 5.00 மணிக்கு இருபது நிமிஷம் வெச்சிரிக்கன், ஒரு சிஆர் கொப்பி, முற்றத்துக் கதிரை. பகல்ல ஏதும் யோசனை வந்தா ஒரு வரி எழுதிட்டு "அஞ்சு மணிக்கு வா" எண்டு அனுப்புவன். கேக்க விசர்க்கதை மாதிரி இரிக்கும், ஆனா அஞ்சு மணிக்கு கொப்பியத் திறந்தா பாதி யோசனைக்கு உசிரே இரிக்காது. மிச்சத்த ரெண்டாப் பிரிப்பன். நான் ஏதும் செய்யக்கூடியது எண்டா, கரண்ட் பில் கட்டல்ல மாதிரி, என்ன எப்ப செய்யப்போறன் எண்டு பக்கத்துல எழுதிருவன். செய்ய ஏலாதது எண்டா, அம்மாக்கு ஏதும் ஆகிருமோ மாதிரி, அத வாசிச்சு, பயமா இரிக்கு எண்டு ஒத்துக்கிட்டு, கொப்பிய மூடிருவன். படுக்கையில வெச்சு இத செய்யாதீங்க.

மழை இருட்டினா, ராவுல கடல் இரைஞ்சா இன்னும் நடுங்குது. சுனாமி போய் எத்தின வருஷம், இது எப்ப போகும்?

எங்கட வீட்டு முன்கதவுக்குப் பக்கத்துல ஒரு கறுப்பு பேக் தொங்குது. 2005ல இருந்து தொங்குது. ஐடென்டிகாட் கொப்பி, எங்கட பேர்த் சேட்டிபிகட், வீட்டு உறுதி, ஒரு டோர்ச், அம்மாட பிரஷர் குளிசை. மாரி தொடங்கினா அம்மா அத இறக்கி பற்றரி மாத்துவா. ஆரும் அத எடுத்து உள்ளுக்கு வெச்சா கத்துவா. அது வருத்தமா? நான் அப்பிடிச் சொல்லமாட்டன். பேக் தொங்கட்டும், அதுல பிழையில்ல, வெள்ளத்துக்கும் உதவுது.

ஆனா அம்மா 2004க்குப் பொறகு கனகாலம் கடற்கரைக்கே போகல்ல, வீட்டுல இருந்து அரை மைல் கூட இல்ல. மீன்காரன்ட சத்தம் கேட்டாலும் உள்ளுக்குப் போயிருவா. அங்கதான் அந்தரம் வாழ்க்கையத் திண்டது. பயந்தத விட்டு விலகி விலகிப் போகப் போக பயம் பெருக்கும், கொஞ்சம் கொஞ்சமா கிட்டப் போகப் போகத்தான் சைரன் அடங்கும். நாங்க முதல்ல கடற்கரை றோட்டு முனை மட்டும் போனம், நிண்டம், வந்தம். அடுத்த கிழமை இன்னும் நாலு வீடு தள்ளி. மணலத் தொட ஏழு மாசம் எடுத்தது. மனசு கடுமையா நடுங்கினா அந்த இடத்துலயே நிண்டு, நடுக்கம் பாதியாக் குறைஞ்ச பொறகுதான் திரும்பின.

ஒண்டு கவனம். சுனாமி, சண்டை, ஆக்கள் காணாமப்போனது, 2019 ஈஸ்டர் குண்டு, இப்பிடிக் கண்ணால கண்டவங்களுக்கு அது ராவுல கனவா வந்து, பகல்லயும் திரும்ப நடக்கிற மாதிரி இரிந்தா, இந்த வேலைய வீட்டு ஆக்கள வெச்சு செய்யாம பயிற்சி எடுத்த ஆளோட செய்ங்க. 'எல்லாத்தையும் சொல்லி அழு' எண்டு ஆரையும் வற்புறுத்தவும் வேணாம்.

தேத்தண்ணி குடிக்கலாமா?

குடிங்க, ஆனா எண்ணிக் குடிங்க. நான் நாளுக்கு எட்டு ப்ளேன்டீ குடிச்சிட்டு ஏன் கை நடுங்குது எண்டு கேட்ட ஆள். கஃபீன் பாதி உடம்ப விட்டுப் போகவே கிட்டத்தட்ட அஞ்சு மணித்தியாலம் எடுக்கும், பின்னேரம் குடிச்சது ராவும் உள்ளுக்கு நிக்கும். மத்தியானத்துக்குப் பொறகு விட்டுப் பாருங்க. ஒரே நாள்ல விட்டா தலையிடிக்கும், மெதுவாக் குறைங்க. எனர்ஜி ட்ரிங்க் வேணவே வேணாம்.

சாராயம் கொஞ்சம் எடுத்தா குறையுதே?

குறையும், ராவுக்கு. விடிய நாலு மணிக்கு அது வட்டியோட வரும்.

நித்திர வருகுதில்ல.

விடிய எழும்புற நேரத்த மாத்தாதீங்க, ராவு எப்ப படுத்தாலும் சரி. இருபது நிமிஷம் கிடந்தும் வரல்ல எண்டா எழும்பி, வெளிச்சத்தக் குறைச்சு, சும்மா எதையாவது மடிச்சு வைங்க, நித்திர வந்தாப் பொறகு போய்ப் படுங்க. ஃபோன் தலகாணிக்குக் கீழ இரிக்கக்கூடாது, மத்த அறையில சார்ஜ் போடுங்க. அதோட பகல்ல உடம்பு அசையணும், கிழமைக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தா அந்தரத்துக்கும் நல்லம், நித்திரைக்கும் நல்லம். கல்லடிப் பழைய பாலத்துல பின்னேரம் நடக்கிற ஆக்களப் பாருங்க, பாதிப்பேர் சுகருக்கு நடக்கிறாங்க, மீதிப்பேர் எதுக்கு எண்டு எனக்குத் தெரியும்.

வல்லாரை, அமுக்கரா, சித்த மருந்து இதெல்லாம் இயற்கைதானே, இதால மாத்த ஏலாதா?

வல்லாரைச் சம்பல் சாப்பிடுங்க, நல்ல சாப்பாடு. அதால கனகால அந்தரம் மாறும் எண்டு மட்டும் எதிர்பாக்காதீங்க. அமுக்கரா அந்தரத்தக் கொஞ்சம் குறைக்கும் எண்டு சின்னச் சின்ன ஆய்வுகள் இரிக்கு, ஆனா கர்ப்பிணிகள், தைரொய்ட் வருத்தக்காரர், நித்திரைக் குளிசை எடுக்கிறவங்க கேக்காம எடுக்கக்கூடாது, ஈரல் பாதிச்ச ஆக்களும் இரிக்காங்க. எடுக்கிறதா இரிந்தா படிச்ச சித்த வைத்தியர்ட்ட போய் எடுங்க, ஒன்லைன்ல போத்தல்ல வாற பவுடர் வேணாம். மேற்கத்திய மூலிகை ஒண்டு, சென் ஜோன்ஸ் வோர்ட், அதையும் டிப்ரஷன் குளிசையையும் சேத்து எடுத்தா ஆபத்து. இயற்கை எண்டா பக்கவிளைவு இல்ல எண்டு ஆர் சொன்னது, அலரியும் இயற்கைதான். என்னக் கேட்டா நடை, நித்திர, மூச்சு, ஆக்களோட கதை, இதுதான் இயற்கை.

பார்வை பாத்து, தண்ணி ஓதி, நூல் கட்டினா பிழையா?

எங்கட அம்மம்மா எனக்கு மூணு நூல் கட்டிவிட்டவ, முஸ்லிம் கூட்டாளி ஒருத்தன் அவங்கட ஆள்ட்ட கூட்டிப்போய் ஓதிப் பாத்தும் இரிக்கான். ஒராள் உங்கட தலையில கைய வெச்சு, பத்து நிமிஷம் உங்களுக்காக மட்டும் இரிக்கிறது சின்ன விசயம் இல்ல, பாதி ஆஸ்பத்திரியில அது கிடைக்காது. வைகாசியில கண்ணகி அம்மனுக்கு குளிர்த்தி பாடுற ராவுல ஊரோட இரிந்து கேட்டா எனக்கு நெஞ்சு குளிரத்தான் செய்யுது, உகந்தையால கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்த ஆக்கள்ட முகத்தையும் பாத்திரிக்கன். செய்ங்க. பிழை எங்க வருது எண்டா, பேய் பிடிச்சிரிக்கு எண்டு அடிக்கிறது, கட்டிவைக்கிறது, லட்சக்கணக்குல காசு வாங்குறது, குளிசைய நிப்பாட்டு எண்டு சொல்றது. அந்த இடத்துல எழும்பி வந்திருங்க.

எனக்கு இரிக்கிறது லோன் பிரச்சினை. மூச்சு விட்டா லோன் தீருமா?

தீராது. இத மறைச்சுக் கதைக்கிற ஆக்களோட எனக்கு ஒத்துவராது. செவ்வாய்க்கிழமை குழு லோன் கட்டணும், புருஷனுக்கு வேலையில்ல, லோன்காரன் வாசல்ல நிக்கிறான் எண்டா அந்தச் சைரன் சரியாத்தான் அடிக்குது, அங்க கடல் உண்மையாவே வருது. முதல்ல எல்லாக் கடனையும் ஒரு தாள்ல எழுதுங்க, ஆருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு. ஒரு லோன அடைக்க இன்னொரு லோன் எடுக்காதீங்க. வீட்டுல ஒராளுக்காவது உண்மையச் சொல்லுங்க, ஒளிக்கிறதுதான் கூட நெரிக்கிறது. பிரதேச செயலகத்துல உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் விசயம் பாக்கிற உத்தியோகத்தர் இரிக்காங்க, மட்டக்களப்புல சட்ட உதவி ஆணைக்குழு இரிக்கு, மிரட்டினா அங்க போய்க் கேளுங்க. மூச்சுப் பயிற்சி எதுக்கு எண்டா, அந்தத் தாள எழுதக்குள்ள கை நடுங்காம இரிக்க.

குளிசை எடுத்தா வாழ்க்க முழுக்க எடுக்கணுமா, பழக்கமாகிருமா?

ரெண்டு விதக் குளிசை இரிக்கு, சனம் ரெண்டையும் குழப்புது. சேர்ட்ரலின், ஃபுளுவொக்செட்டின் மாதிரிக் குளிசைகள் வேலை செய்ய ரெண்டுல இருந்து ஆறு கிழமை எடுக்கும், முதல் கிழமை அந்தரம் கொஞ்சம் கூடவும் பாக்கும், கனபேர் அதோட விட்டுப்போடுறாங்க. அதுக்கு அடிமையாகிறதில்ல, ஆனா திடீரெண்டு நிப்பாட்டினா தலை சுத்தும், அதால டொக்டர் சொல்றபடி மெதுவாக் குறைக்கணும். நான் சொந்தப் புத்தியில ஒரே நாள்ல நிப்பாட்டி ஒரு கிழமை படுத்த ஆள். மத்தது டயஸிபாம் மாதிரி, போட்ட உடன அமத்தும், அதுதான் பழக்கமாகும். அத சீட்டில்லாம ஃபார்மசியில வாங்கவே வேணாம். குளிசை இல்லாம சீபீடி எண்டு கதைச்சுச் செய்யிற சிகிச்சையும் இரிக்கு, நான் மேல எழுதின கொப்பியும், கடற்கரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போனதும் அதுல உள்ளதுதான்.

வீட்டுல ஒராளுக்கு இப்பிடி எண்டா நாங்க என்ன கதைக்கிற?

குறைவாக் கதைங்க. "உனக்கென்ன குறை, வீடு இரிக்கு, புள்ள இரிக்கு" எண்ட கதைய விடுங்க. "இப்ப எப்பிடி இரிக்கு, கூட வரட்டா" எண்டு கேளுங்க, அவ்வளவுதான். ஆனா எல்லாத்தையும் அவங்களுக்காக நீங்களே செய்யவும் வேணாம், கடைக்கு அவங்களும் வரட்டும்.

செத்தா நல்லம் எண்ட மாதிரி அவங்க ஒரு சொல் விட்டா, அத நாடகம் எண்டு தள்ளாதீங்க. நேராக் கேளுங்க, சாகணும் போல இரிக்கா எண்டு. கேட்டதால அந்த நினைப்பு வந்திராது. தனிய விடாம, வீட்டுல உள்ள வயல் மருந்து, குளிசை எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டு, உடன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க. 1926க்கு அடிச்சா தேசிய மனநல நிறுவனத்துல 24 மணித்தியாலமும் ஆள் இரிக்கு, தமிழ்லயும் கதைக்கலாம்.

கிளினிக் எங்க இரிக்கு? அங்க போய் ஆரும் தெரிஞ்ச ஆக்கள் கண்டா, விசர் எண்டு சொல்லமாட்டாங்களா?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இரிக்கு, கல்முனை, அம்பாறைப் பக்கமும் அரச ஆஸ்பத்திரியில மனநல கிளினிக் நடக்குது, காசில்ல. கிளினிக் நாள் எது எண்டு ஓபீடில கேளுங்க.

ஆக்கள் காணத்தான் செய்வாங்க. நான் முதல்நாள் தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டுப் போய் வாங்குல மூலையில குந்தி இரிந்தன். பக்கத்துல ஒராள் பேப்பர விரிச்சு முகத்த மூடிக்கிட்டு இரிக்கார், ஒரு மணித்தியாலமா ஒரு பக்கமும் திருப்பல்ல. நம்பர் கூப்பிடக்குள்ள பேப்பரக் கீழ விட்டார் பாருங்க, எனக்கு ஆறாம் வகுப்புல கணக்குப் படிப்பிச்ச சேர், பிரம்பால வெளுக்கிற ஆள். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல்ல. பொறகு அவர், "நீ எத்தினையாம் நம்பர் மனே?" எண்டு கேட்டுட்டு ஸ்போட்ஸ் பக்கத்த உருவி என்ட கையில தந்தார்.